வாடைக்கு எதிரே 11 கிலோமீட்டர்



போன வாரம் சென்னையிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கியர் வைத்த சைக்கிள் வாங்கியிருக்கிறாராம். விலையைச் சொன்னார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் முழுக்க வாங்கிய சம்பளத்தைவிட அது அதிகம். "சார், பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன். சைக்கிளையும் எடுத்துட்டு வர்றேன். இங்க சென்னையில லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்ட வேண்டியிருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் வண்டி அதிகம் வராத ரோடா, காடு, பறவையெல்லாம் பாக்குற மாதிரி நாலு ரூட் எழுதிப் போடுங்க சார். நீங்க தினமும் சைக்கிள்ல சுத்துறதா எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

சுத்துவது உண்மைதான். 2019இல் பணி ஓய்வு பெற்றேன். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடந்தால் முழங்கால் வலித்தது. சைக்கிள் ஓட்டினால் வலிக்கவில்லை. மகன் கல்லூரி நாளில் ஓட்டிவிட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருந்த சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு ஆரம்பித்தேன். என் மனைவி முதல் நாள் வாசலில் நின்று, "ரிட்டயர் ஆனவங்க கோயிலுக்குப் போவாங்க, நீங்க சின்னப் பையன் மாதிரி கிளம்பிட்டீங்களே" என்றாள். இப்போது அவளே காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிடுகிறாள்.

நாலு ரூட் என்னிடம் இல்லை. மூன்று இருக்கின்றன. மூன்றையும் எழுதுகிறேன். மூன்றாவது ரோட்டைப் பற்றி எழுதும்போது, சைக்கிளுக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். என் வகுப்பில் படித்தவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

முதல் ரூட், வடக்கே கடலோரம். வேதாரண்யத்திலிருந்து பெரியகுத்தகை, புஷ்பவனம், நாலுவேதபதி, வெள்ளப்பள்ளம். மெயின் ரோட்டில் போகாமல் ஊர்களுக்குள் போகும் சின்ன ரோட்டில் போங்கள். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துத் தென்னை பெரும்பாலும் சாய்ந்துவிட்டது. அப்போது ஊருக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், வானம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. பிறகு வைத்த கன்றுகள் வளர்ந்து இப்போது ஓரளவு நிழல் தருகின்றன. சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தால் தோப்புக்கு அப்பால் கடல் கேட்கும். எதிரே வருவது பால்காரரும், மீன் கூடை கட்டிய டி.வி.எஸ். வண்டியும்தான். புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கும், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இதுதான் நல்ல ரோடு.

இரண்டாவது ரூட், வடமேற்கே 'புலம்' கிராமங்கள். நெய்விளக்கு, குரவப்புலம், கருப்பம்புலம், ஆயக்காரன்புலம். மற்றவர்களுக்கு இது சமதரை. சைக்கிள்காரனுக்கு மட்டும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை பெடல் லேசாகக் கனத்து, பிறகு இளகும். அந்தச் சின்ன மேடுகள் எல்லாம் பழைய கடற்கரைகள். கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகப் போக, அங்கங்கே விட்டுச் சென்ற மணல் திட்டுகள். ஊரும் தோட்டமும் மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும். 30 வருடம் இதைக் கரும்பலகையில் கோடு போட்டு நடத்தினேன். சைக்கிளில் போன பிறகுதான் தொடைக்கும் அந்தப் பாடம் ஏறியது. விடியற்காலையில் போனால் முல்லைத் தோட்டங்களில் பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாசனைக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். ரயில்வே கேட்டுகளில் மட்டும் கவனம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாக மாறி, 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. கேட் மூடியிருந்தால் காத்திருங்கள். நம் ஊர் ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு சுகம்தான்.

மூன்றாவது ரூட், தெற்கே கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். போகவர 22.

இந்த ரோட்டில் தொலைந்து போக முடியாது. ஒரே ரோடு. ஊரைத் தாண்டினால் முதலில் அகஸ்தியம்பள்ளி. உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இங்கேதான். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், கால்நடையாகவே வந்து ஏப்ரல் 30ஆம் தேதி இங்கே உப்பு எடுத்தார்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். மரம் என்று ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி, வரப்பு, வானம். தை, மாசிக்குப் பிறகு வந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம் குவிந்திருக்கும். இப்போது மார்கழியில் உப்பு வேலை கிடையாது. மழைத்தண்ணீர் நின்று பாத்திகள் எல்லாம் ஏரி போல இருக்கும். அதில்தான் பறவைகள். கொக்கு, நாரை, உள்ளான், ஆலா. அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது கோடு இல்லை, பூநாரைக் கூட்டம். குளிர் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் சின்னஞ்சிறு உள்ளான்களும் இங்கே இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டித் திரும்ப விட்டு, எது எங்கே போகிறது என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

பிறகு கோடியக்காடு. குழகர் கோயில் இங்கே. சுந்தரர் பாடிய தலம். இதிலிருந்து காடு. 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமானுக்காகத்தான் முதலில் சரணாலயம். முறுக்குக் கொம்போடு ஆண் மான், மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. கொம்பில்லாத பெண் மான்கள் மண் நிறம். காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு. உள்ளே ராமர் பாதம். சரணாலயத்திலேயே உயரமான இடம் அதுதான் என்பார்கள். மற்ற ஊரில் அதை மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். கடைசியில் மீனவர் குடியிருப்பும் கடலும். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியைத் தேடுவீர்கள். நானும் தேடினேன்.

இது வரை சுற்றுலாக் குறிப்பு. இனி நான் சொல்ல வேண்டியது.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். 1989இல் இங்கே மாற்றலாகி வந்து, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். இத்தனை வருடத்தில் கோடியக்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பஸ்ஸில், ஸ்கூட்டரில், சுற்றுலா வேனில் உங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு. சைக்கிளில் போனதே இல்லை. ஓய்வுக்குப் பிறகும் முதல் இரண்டு ரூட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இந்த ரோட்டுக்கு வரத் தைரியம் வந்தது போன வருடம் ஆடி மாதத்தில்.

ஆடியில் போக 50 நிமிடம் ஆனது. திரும்பி வர 40. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். உடம்பு சூடானால் எனக்கு வேகம் தானாக வருகிறது, இளைஞர்களுக்கே சவால் விடலாம் என்று. ஆவணி, புரட்டாசியிலும் இப்படியே. பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிளை எடுக்கவே இல்லை.

மார்கழியில் மழை விட்டதும் மறுபடி கிளம்பினேன். போகும்போது 35 நிமிடம். கோடியக்கரையில் ஒரு டீ குடித்து, மான்களைப் பார்த்துவிட்டு, இன்று ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்பேன் என்று திரும்பினேன். காட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. கோடியக்காட்டைத் தாண்டி உப்பளத்துக்குள் இறங்கியதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. வாடைக் காற்று. வடகிழக்கிலிருந்து நேராக முகத்தில். தடுக்க ஒரு மரம் இல்லை, சுவர் இல்லை. பெடலை மிதித்தால் வண்டி நகர்கிறது, மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. இறக்கத்தில் போவது போல வந்த ரோடு, திரும்பும்போது மலை ஏறுவது போல ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிகிறது. காதுக்குள் ஒரே இரைச்சல். நாலு தடவை இறங்கித் தள்ளினேன். ஆடியில் என் கால் பலம் என்று நான் நினைத்தது சோழகக் காற்றின் பலம் என்று அப்போதுதான் புரிந்தது. தென்மேற்கிலிருந்து முதுகில் தள்ளிவிட்டிருக்கிறது.

ஐந்தாவது தடவை இறங்கி நின்றபோது, பின்னால் டி.வி.எஸ். ஐம்பதில் கீற்றுக் கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். வண்டியை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்தார்.

"சார்தானே? என்னங்க சார், இந்த வாடையில சைக்கிள்ல!"

எனக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்னார். 1996-97இல் ஒன்பதாம் வகுப்பு. கோடியக்காட்டிலிருந்து வந்த பையன். நினைவு வந்துவிட்டது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய வகுப்புத் தோழர்களில் சிலர் ஊகிப்பீர்கள். ஊகித்தாலும் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம்.

"சார், இப்படி நிமிந்து ஓட்டக்கூடாது சார். குனிஞ்சு, ஹேண்டில்பாரைக் கட்டிக்கிட்ட மாதிரி ஓட்டணும். வாயைத் தெறக்கக்கூடாது. நாங்கல்லாம் நாலஞ்சு பேரா வருவோம். ஒருத்தன் முன்னாடி காத்தை வாங்குவான், மத்தவன் பின்னாடி ஒட்டிக்கிட்டு வருவான். அவன் அசந்துட்டா அடுத்தவன் முன்னாடி போவான்" என்றார்.

சைக்கிள் பந்தய வீரர்கள் இதைப் பயிற்சியாளர் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். இவர்கள் 14 வயதில், அப்பாவின் பெரிய சைக்கிளில், பள்ளிக்கூடத்துக்கு வருவதற்காகத் தாமாகவே கற்றிருக்கிறார்கள்.

"எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டேன்.

"ஏழே முக்காலுக்கெல்லாம் கிளம்பிடுவோம் சார். நான் மட்டும் தங்கச்சியைக் கேரியர்ல வச்சுக் கொண்டாந்து அவ ஸ்கூல்ல முதல்ல இறக்கிவிட்டுட்டு வருவேன். அவளை வெளிய நிக்க வச்சிட்டா பாவம்ல."

ஒன்பது மணி மணியடித்து, கடவுள் வாழ்த்து முடிந்து, நான் முதல் பீரியடுக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது இந்தப் பையன் வாசலில் நிற்பான். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். மார்கழிக் குளிரில் இவனுக்கு எப்படி வியர்க்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் பிரம்பு எடுக்காத வாத்தியார். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தாமதமாக வந்தால் அந்தப் பீரியடு முடியும் வரை வராந்தாவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் தண்டனை. முதல் பீரியடு என் பாடம். புவியியல்.

"ஏம்ப்பா, காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவர் சிரித்தார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. "நீங்க ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டீங்க சார். எத்தனை நிமிஷம் லேட்டுன்னுதான் கேப்பீங்க."

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அவரே, "வாங்க சார், நான் முன்னாடி போறேன், நீங்க எனக்கு இடப்பக்கமா ஒட்டியே வாங்க" என்று சொல்லி, வண்டியை மெதுவாக விட்டார். காற்று வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து வந்ததால் அவர் எனக்கு வலப்பக்கம் சற்று முன்னால் போனார். அந்தக் கீற்றுக் கட்டு எனக்குச் சுவர் போல ஆனது. நடக்கிற வேகத்தில், அகஸ்தியம்பள்ளி வரை அப்படியே கொண்டுவந்து விட்டார். அன்று திரும்பி வர எனக்கு ஒரு மணி 20 நிமிடம் ஆனது.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். அலுவலகப் பதிவேடு இல்லை, என் சொந்த நோட்டு. யார், எந்தத் தேதி, எத்தனை நிமிடம். வருடத்துக்கு ஒரு நோட்டு. 1996-97ஐ எடுத்து இரவு 11 மணி வரை உட்கார்ந்து எண்ணினேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, கோடியக்காடு, கோடியக்கரைப் பிள்ளைகள் பெயர் அங்கொன்று இங்கொன்றுதான். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும் வரை பக்கத்துக்குப் பக்கம் அவர்கள்தான். பிப்ரவரியில் மறுபடி குறைகிறது. அடுத்த வருட நோட்டிலும் அப்படி. அதற்கடுத்த வருடமும் அப்படி.

இதைவிட மோசமானது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "புஷ்பவனத்துலேருந்தும் நாலுவேதபதியிலேருந்தும்தான் பசங்க சைக்கிள்ல வர்றாங்க. அவங்க மட்டும் எப்படி கரெக்டா வர்றாங்க?" வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லுவேன். புஷ்பவனம் வடக்கே. அங்கிருந்து வரும் பிள்ளைகளை வாடை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். சோழகம் அடிக்கும் மாதங்களில் எதிர்க்காற்று என்றாலும், அவர்களுக்குச் சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் மறைப்பு. தெற்கேயிருந்து வருகிறவனுக்கு உப்பளத்தில் என்ன மறைப்பு? ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே தூரம், ஒரே காற்று. ஒருவனுக்குத் துணை, ஒருவனுக்கு எதிரி. நான் அதை உழைப்பு என்றும் சோம்பேறித்தனம் என்றும் பிரித்து நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அதே நவம்பரில், அதே வகுப்பறையில், இந்திய வரைபடம் போட்டு, வங்காள விரிகுடாவின் மேல் அம்புக்குறி வரைந்து, வடகிழக்குப் பருவக்காற்றை நடத்திக்கொண்டிருந்தவனும் நான்தான். அந்த அம்பின் நுனியில் வந்த பையன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான்.

அவர் பத்தாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து வீடு தேடிப் போய், "என்னாலதான் நின்னியா?" என்று கேட்டேன். "அட, இல்லைங்க சார். அப்பாவுக்குக் கால்ல உப்புத் தண்ணி பட்டுப் பட்டுப் புண்ணு ஆறாம போச்சு. பாத்திக்கு ஆள் வேணும். அதான்" என்றார். தங்கை பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறார். அண்ணன் அவளை ஒரு நாள்கூடத் தாமதமாக இறக்கிவிடவில்லையாம்.

அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் முழுதாகத் தப்பித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வாரத்தில் மூன்று நாள் வராந்தாவில் நின்ற பையனுக்கு, வீட்டில் நெருக்கடி வரும்போது பள்ளிக்கூடத்தை விடுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்காதா? இதற்கு அவரிடமும் பதில் இருக்காது, என்னிடமும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "விடுங்க சார், டீ குடிங்க" என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். சர்க்கரை போட்ட டீ. அன்று சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கிளம்பும்போது அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பாப்பா எட்டாவது படிக்குது. மேப் மட்டும் அதுக்கு வரலை. நீங்க இந்தப் பக்கம் சைக்கிள்ல வந்தா ஒரு அரை மணி நேரம்..."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோடியக்காடு போகிறேன். பாப்பாவோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து இப்போது ஆறு பேர். முதல் பாடமாக வரைபடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. வெறும் தாளில் அவர்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை ரோட்டை வரையச் சொன்னேன். பிறகு எந்த மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறி போடச் சொன்னேன். ஒருத்தரும் தப்பாகப் போடவில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு பேரையும் அவர்களே எழுதினார்கள். நான் பாடப்புத்தகப் பெயரை மட்டும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. பல ஊருக்குப் பஸ்ஸும் இருக்கிறது. ஆனாலும் தாமதமாக வரும் பிள்ளை தாமதமாகத்தான் வருகிறான். எத்தனை நிமிடம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வழி என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அந்த வழியில், அவன் வருகிற நேரத்தில், அவன் வருகிற மாதிரியே வந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரியாது.

என் வராந்தாவில் நின்ற மற்றவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயர்கள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் தேடி வர என்னால் முடியுமா தெரியவில்லை. இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

சரி, சென்னைக்காரர் கேட்டதற்கு வருகிறேன். கோடியக்கரை ரோட்டுக்குச் சில குறிப்புகள்.

நல்ல நேரம் விடியற்காலை முதல் எட்டு மணி வரை. அதற்குப் பிறகு சுற்றுலா கார்கள் வரும். ஐப்பசியிலிருந்து மாசி வரை கோடியக்கரையில் மீன் சீசன். வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். ஐஸ் வண்டியும் மீன் வண்டியும் வரும்போது ரோட்டை விட்டு ஓரமாக இறங்கி நில்லுங்கள். உப்பு சீசனில் லாரிகளும் உண்டு.

மார்கழி, தையில் போகும்போது பறப்பீர்கள். அதை நம்பித் தூரம் போகாதீர்கள். பாதிச் சக்தியைத் திரும்புவதற்கு மிச்சம் வையுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். உப்பளத்துக்கு நடுவில் பஞ்சர் ஆனால் கடை கிடையாது, ஒட்டும் சாமானும் பம்பும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள். உப்புக் காற்று ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். விலை உயர்ந்த சைக்கிளுக்கும் அதே துருதான்.

காட்டுக்குள் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம். உள்பாதைகளுக்கு வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். மானைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி அசையாமல் நின்றால் போதும், அதுவே உங்களைப் பார்த்துவிட்டு மேயப் போய்விடும். பாட்டு வைக்க வேண்டாம். பூநாரை பக்கத்தில் வர வேண்டும் என்று ட்ரோன் எல்லாம் விடாதீர்கள். அவை மொத்தமாக எழுந்து பறந்தால் படம் நன்றாக இருக்கும், ஆனால் அதுகளுக்கு அன்று மேய்ச்சல் போச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் யார் யார் என்று சொல்லுங்கள். தை 3ஆம் தேதி காலை 5.45க்கு வேதாரண்யேஸ்வரர் கோயில் வாசலில் சைக்கிளோடு நிற்பேன். போகும்போது அவரவர் வேகத்தில் போகலாம். கோடியக்காட்டில் ஒரு வீட்டில் டீ சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது வரிசையாக வருவோம். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போக வேண்டும். எப்படி என்று காட்டிக்கொடுக்க அவரும் டி.வி.எஸ். ஐம்பதை விட்டுவிட்டுச் சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் வாத்தியார்